கறிக்குள்ள நீங்கள் சொல்லாமல் போடுற சாமான் எது? அளவோட எழுதுங்கோ

அம்மிக்குழவி (வெள்ளவத்தை):
"கைப்பக்குவம்" எண்டு சொல்லிப்போட்டு விடுறதால ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்லை. என்ன சாமான், எவ்வளவு, எந்த நேரத்தில போடுறது, பிழைச்சால் ஏன் பிழைக்குது எண்டு விபரமா எழுதுங்கோ. கலியாண வீட்டுச் சமையல் வேண்டாம். வேலையால வந்து பாணோடயும் இடியப்பத்தோடயும் சாப்பிடுறது, பின்னேரம் தேத்தண்ணியோட கடிக்கிறது, இதுகள் காணும்.

தொடக்கத்துக்குச் சொதி. ஒரு தேங்காய்ப்பூவை முக்கால் கப் இளஞ்சூட்டுத் தண்ணியில பிழிஞ்சு முதல் பாலைத் தனிய வையுங்கோ. சக்கையில ரெண்டு கப் தண்ணி விட்டு இரண்டாம் பால். அந்த இரண்டாம் பாலில சின்ன வெங்காயம் 10, கீறின பச்சை மிளகாய் 4, கருவேப்பிலை, ஒரு விரல் நீளம் ரம்பை இலை, மஞ்சள் கால் தேக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி போட்டு வெங்காயம் மெத்தெண்டு வரும் வரைக்கும் அவியுங்கோ. இதில என்ர சொல்லாத சாமான் வெந்தயம்தான். ஆனால் 20 நிமிசம் முதலே ஊறப் போட்டிருக்க வேணும். ஊறின வெந்தயத்தில கசப்புக் குறையும், சொதியையும் கொஞ்சம் தடிக்க வைக்கும். வறுத்துப் போட்டால் வாசம் வரும், ஆனால் அது வேற கறி.

உப்பைப் போட்டு, முதல் பாலை விட்டபிறகு அகப்பையை நிப்பாட்டக் கூடாது. சட்டி விளிம்பில சின்ன நுரை கட்டினவுடன இறக்குங்கோ. தேசிக்காய்ப்புளி இறக்கி 5 நிமிசத்துக்குப் பிறகு.

பாண்பிரியன்:
அக்கா, நீங்கள் சொன்ன மாதிரிதான் புளியைக் கடைசியில விடுறது. எண்டாலும் சில நாள் திரையுது, சில நாள் திரையாது. பக்கெட் தேங்காய்ப்பால் மா பாவிச்சால் இந்தப் பிரச்சினை இல்லையோ?

தெஹிவளை 6ஆம் மாடி:
தம்பி, தேங்காய்ப்பாலில தண்ணியையும் கொழுப்பையும் பிரியாமல் வச்சிருக்கிறது அதில இருக்கிற புரதம். கொதிக்க விட்டால் அந்தப் புரதம் இறுகிக் கட்டிபட்டு, கொழுப்பைக் கைவிட்டிடும். எண்ணெய் மேல வரும். புளி சேர்ந்தால் இன்னும் குறைஞ்ச சூட்டிலேயே இது நடக்கும். ஆகவே சூடும் புளியும் ஒரே நேரத்தில சந்திக்கக் கூடாது. சில நாள் மட்டும் திரையுது எண்டால் தக்காளியைப் பாருங்கோ. தக்காளி போடுற நாளில புளி முதலே சட்டிக்குள்ள போயிட்டுது. அப்படிச் செய்யிறதெண்டால் தக்காளியை இரண்டாம் பாலில நல்லா அவிச்சு, முதல் பாலுக்கு முன்னம் நெருப்பை நல்லாக் குறையுங்கோ, தேசிக்காயைப் பாதியாக்குங்கோ.

பக்கெட் மா வேற விசயம். பின்பக்கத்தை வாசிச்சால் கனக்க மாக்களில சோடியம் கேசினேற் இருக்கும்; அது மாட்டுப்பால் புரதம். அதனால கொதியைத் தாங்கும். ஆனால் புளியைத் தாங்காது: பாலுக்குத் தேசிக்காய் விட்டால் நடக்கிறதுதான் இங்கயும் சின்னச் சின்ன மணியா நடக்கும். மாவில செய்யிற சொதிக்குப் புளியைச் சட்டியில விடாமல் சாப்பிடேக்க கோப்பையில விட்டுக்கொள்ளுங்கோ.

திரைஞ்சதைக் கொஞ்சம் காப்பாற்றலாம். ஒரு தேக்கரண்டி அரிசிமாவைப் பச்சைத்தண்ணியில கரைச்சு விட்டு, மெல்லிய நெருப்பில ரெண்டு நிமிசம் கிண்டினால் ஓரளவு பிடிக்கும். பழைய வழவழப்பு வராது.

கொட்டாஞ்சேனை சமையலறை:
எங்கள் பக்கம் மாசி, அதாவது காய்ந்த சூரை மீன். எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் பாதிப் பேர் அதைப் பிழையான நேரத்தில் போடுகிறார்கள்.

தேங்காய்ச் சம்பலுக்கு அரைத் தேங்காய், செத்தல் மிளகாய் 8, சின்ன வெங்காயம் 6, மாசி ஒரு மேசைக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, அரைத் தேசிக்காய். மாசியை முதலில் வெறும் தாச்சியில் மெல்லிய நெருப்பில் இரண்டு நிமிடம் வறுத்து இடித்துக்கொள்ளுங்கள். கொழும்பு ஈரக்காற்றில் மாசி சீக்கிரம் நமத்துவிடும், நமத்த மாசி இடிபடாது, நார் நாராக நிற்கும். பிறகு மிளகாய், உப்பு, மாசி மூன்றையும் இடித்து, அதற்குப் பிறகு வெங்காயம், கடைசியில்தான் தேங்காய்ப்பூ. தேங்காய் போட்ட பின் நாலைந்து இடி போதும். கூட இடித்தால் பால் பிரிந்து சம்பல் ஈரமாகிவிடும். பிளெண்டரில் செய்பவர்கள் தேங்காயை உள்ளே போடவே வேண்டாம். மிளகாய், மாசி, வெங்காயக் கூட்டை மட்டும் அரைத்து எடுத்துத் தேங்காய்ப்பூவோடு கையால் பிசையுங்கள்.

இன்னொன்று. தேங்காயைச் சிரட்டை வரைக்கும் திருவக் கூடாது. மண்ணிறத் தோல் சேர்ந்தால் நிறமும் போகும், துவர்ப்பும் வரும்.

மாசி வாங்கும்போது இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். விறகு தட்டுகிற சத்தம் வர வேண்டும். தூளாக்கி விற்பதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க வழியில்லை, முழுத் துண்டுதான் என் தெரிவு.

சைவச்சட்டி:
வெள்ளிக்கிழமையும் விரத நாளும் மாசி இல்லை. அந்த இடத்துக்கு என்ன போடலாம் எண்டு ஆராவது எழுதினால் புண்ணியம். மாசி இல்லாத சம்பல் வெறும் உறைப்பாத்தான் இருக்குது.

அம்மிக்குழவி (வெள்ளவத்தை):
மோர்மிளகாய். ரெண்டு மோர்மிளகாயைப் பொரிச்சு, ஆறவிட்டு, செத்தல் மிளகாயோட சேர்த்து இடியுங்கோ. மோரில ஊறிக் காய்ஞ்ச புளிப்பும் உப்பும் சம்பலுக்கு அடித்தளம் குடுக்கும். உப்பை அரைவாசியாக் குறைக்க மறக்க வேண்டாம். நல்ல கறுப்பாப் பொரிச்சால் கசக்கும். மண்ணிறம் வந்தவுடன எடுங்கோ, எண்ணெயை விட்டு வெளிய வந்தபிறகும் அது கறுக்கும்.

தெஹிவளை 6ஆம் மாடி:
கறிக்கெண்டால் மாமைற். சோயாமீற்றோ காளானோ செய்யேக்க நாலு பேருக்கு அரைத் தேக்கரண்டி, கால் கப் சுடுதண்ணியில கரைச்சு, கறி வத்தி வரேக்க விடுங்கோ. தாளிதத்தில போட்டால் அடிப்பிடிச்சுக் கசக்கும். அது ஈஸ்டில இருந்து செய்யிறது, மீனோ இறைச்சியோ இல்லை. உப்பு கனக்க இருக்கிறதால கறிக்கு உப்பை அதுக்குப் பிறகுதான் பார்க்க வேணும்.

சோயாமீற்றில முக்கால்வாசிப் பேருக்குப் பிழைக்கிறது பிழியிற இடம். கொதிதண்ணியில 10 நிமிசம் ஊறவிட்டு, பிழிஞ்சு, திரும்பப் பச்சைத்தண்ணியில அலசி, திரும்பவும் பிழியுங்கோ. ரெண்டாம் பிழியல் இல்லாட்டி அந்தப் பச்சை மணம் எந்தத் தூளுக்கும் அடங்காது.

பாண்பிரியன்:
மாசியும் மாமைற்றும் ஒரே வேலையைத்தான் செய்யுது எண்டால் பேசாமல் அஜினமோட்டோ போட்டிட்டுப் போகலாமே?

தெஹிவளை 6ஆம் மாடி:
ஒரே வேலை இல்லை, பக்கத்து வேலை. 1908இல இக்கெடா எண்ட யப்பானிய விஞ்ஞானி கடற்பாசிச் சாறில இருந்து குளுட்டமேற்றைப் பிரிச்சு எடுத்தார். அதுதான் அஜினமோட்டோ ஆனது. 1913இல அவரிட மாணவர் கொடமா, உலர்த்தின சூரை மீனில இருந்து இனோசினேற் எண்ட வேற ஒரு பொருளைக் கண்டுபிடிச்சார். எங்கட மாசியும் அதே சூரை மீனை அவிச்சு, புகை போட்டு, காயவச்சுச் செய்யிறதுதான். இந்த ரெண்டும் சந்திச்சால் சுவை கூட்டல் கணக்கில ஏறாது, பெருக்கல் கணக்கில ஏறும். தக்காளியில குளுட்டமேற் இருக்குது. மாசியும் தக்காளியும் சேர்ந்த சம்பலுக்கு அதனாலதான் அவ்வளவு இழுவை.

அஜினமோட்டோவை விசம் எண்டு நான் சொல்ல மாட்டன். அதில இருக்கிற சோடியம் சாப்பாட்டு உப்பில இருக்கிறதின்ர மூண்டில ஒரு பங்குதான். ஆனால் அதுக்குப் புகையும் இல்லை, மணமும் இல்லை, கடிபட ஒண்டும் இல்லை. மாசி அது எல்லாத்தையும் சேர்த்துத் தருது.

சைவச்சட்டி:
நன்றி. மாமைற் அளவு சரி, ஆனால் தேங்காய்ப்பால் விட்ட கறிக்கு அது ஒத்து வராது, நிறம் சாம்பலாகிடும். வறட்டல் கறிக்கு மட்டும் எண்டு சேர்த்து எழுதுங்கோ.

மருதானை நானா:
ரோட்டோரச் சாப்பாடு பத்தி யாரும் பேசல்லயே. புதுக்கடையில கிடைக்கிற கொத்துரொட்டி வீட்டில ஏன் வரல்ல என்று எல்லாரும் கேக்குறாங்க. தட்டுற இரும்புத் தகடு இல்லாதது காரணமில்ல. ரொட்டி சூடா இருக்கிறது, ஆணம் (கறிக்குழம்பு) கூடுறது, ஒரே தாச்சியில நாலு பேருக்குப் போடுறது, இந்த மூணும்தான் கொத்தைக் குழைச்சுப் போடுது.

ரொட்டி முந்தின நாள் சுட்டதா இருக்கணும். சுட்ட ரொட்டி ஆறும்போது மாவு இறுகும். சூட்டோட வெட்டினா ஆணத்தை உறிஞ்சிக் கரைஞ்சிடும். மூடாம பிறிட்ஜில ஒரு ராத்திரி வைங்க, அடுத்த நாள் சின்ன விரல் அகலத்துக்கு வெட்டுங்க. கடையில வாங்கின உறைபரோட்டா என்றாலும் சுட்டு, ஆறவச்சுத்தான் வெட்டணும்.

ஒரு ஆளுக்கு ரெண்டு ரொட்டி, ஒரு முட்டை, லீக்ஸ் அரைக் கப், கரட் கால் கப், அரை வெங்காயம், ஆணம் 4 மேசைக்கரண்டி. அஞ்சாவது கரண்டி வேணாம். தாச்சி புகை வர்ற அளவுக்குக் காயணும். ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெயில இடிச்ச இஞ்சி உள்ளி ஒரு தேக்கரண்டி, கருவேப்பிலை, பச்சை மிளகாய், இருபது செக்கன். மரக்கறி ஒரு நிமிசம், அதுக்கு மேல வேணாம், கடிபடணும். ஓரமா ஒதுக்கி முட்டையை உடைச்சு அரைவாசி இறுகினதும் ரொட்டி. ரெண்டு நிமிசம் கிளறி, ரொட்டி விளிம்பு முறுகினாப் பிறகுதான் ஆணம். அதையும் நடுவுல ஊத்தாம தாச்சி விளிம்பைச் சுத்தி விடுங்க; சூட்டுல பட்டதும் தண்ணி ஆவியாகி மசாலா மட்டும் ரொட்டியில ஒட்டும்.

இப்ப சாமானுக்கு வாறேன். ஆணத்தைக் கோழி எலும்போட, கறுவா ஒரு துண்டு, ஏலக்காய் 3 போட்டு ஆக்கி, வடிச்சு, மூணில ஒரு பங்கு குறையும் வரைக்கும் வத்தவைங்க. தண்ணி ஆணம் போட்டா எவ்வளவு தட்டினாலும் வேலையில்ல. இறக்கும்போது, வறுத்து இடிச்ச மிளகும் பெருஞ்சீரகமும் சம அளவு, கால் தேக்கரண்டி மேல தூவுங்க. அது நெருப்பில வேகக் கூடாது.

கொட்டாஞ்சேனை சமையலறை:
நானா சொன்னது இடியப்பக் கொத்துக்கும் அப்படியே பொருந்தும். காலையில் மிஞ்சின இடியப்பத்தை உதிர்த்துக் குளிரில் வைத்தால் பின்னேரம் உதிரியாக நிற்கும். ஆணம் மட்டும் மூன்று கரண்டிக்கு மேல் வேண்டாம்.

கறுவா பற்றி ஒரு சொல்: இலங்கைக் கறுவா மெல்லிய பட்டைகள் பல சேர்ந்து சுருண்டிருக்கும், விரலால் நொறுங்கும். தடித்த ஒற்றைப் பட்டையாக வருவது கசியா. அதே அளவு போட்டால் ஆணம் காரமாகவும் கசப்பாகவும் போகும்.

பாண்பிரியன்:
மீன் ரோல்ஸ் எண்ணெய்க்குள்ள வெடிக்குது. மேல் தூள் உதிருது. என்ன காரணம்?

கொட்டாஞ்சேனை சமையலறை:
நீண்ட பதில், ஏனென்றால் ரோல்ஸில் பிழைக்கக்கூடிய இடங்கள் நிறைய.

முதலில் உள்ளடக்கம். 425 கிராம் டின்மீன் ஒன்று, உருளைக்கிழங்கு 400 கிராம், லீக்ஸ் ஒரு கப், வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் 4, மிளகுதூள் ஒன்றரைத் தேக்கரண்டி. டின் தண்ணீரை வடித்துவிட்டு மீனைக் கையால் பிழிந்து எடுங்கள். கிழங்கைத் தோலோடு அவித்து உரியுங்கள். வெட்டி அவித்தால் தண்ணீர் குடிக்கும். முழுக்க மசிக்காமல் சிறு கட்டிகள் இருக்க விடுங்கள். வதக்கின வெங்காயம், லீக்ஸோடு எல்லாவற்றையும் பிரட்டி, தாச்சி அடி காயும் வரைக்கும் நெருப்பில் வைத்திருங்கள். வெடிப்புக்கு முதல் காரணம் இங்கே மிஞ்சுகிற ஈரம். அது எண்ணெயில் ஆவியாகி வழி தேடும். இரண்டாவது காரணம் சூடான உள்ளடக்கத்தைச் சுற்றுவது. முழுக்க ஆற வேண்டும்.

எங்கள் வீட்டுச் சாமான் அரைத்த கடுகு, அரைத் தேக்கரண்டி, உள்ளடக்கம் ஆறின பிறகு. சூட்டில் போட்டால் அந்த மூக்கில் ஏறும் காரம் போய்விடும்.

உறைக்கு கோதுமை மா 250 கிராம், முட்டை 1, உப்பு, தண்ணீர் ஏறக்குறைய 500 மில்லிலீற்றர். கரைத்து அரை மணித்தியாலம் விடுங்கள். உடனே ஊற்றினால் உறை மடிக்கும்போது கிழியும். ஒரு பக்கம் மட்டும் வேக வையுங்கள், நிறம் மாற வேண்டாம். வெந்த பக்கம் உள்ளே போக வேண்டும். வேகாத பக்கம் வெளியில் ஒட்டும் தன்மையோடு இருப்பதால்தான் மேல் தூள் பிடிக்கும். ஓர் உறைக்கு இரண்டு மேசைக்கரண்டி. இறுக்கி, காற்று இடைவெளி இல்லாமல், இரண்டு பக்கத்தையும் மடித்துச் சுற்றி, விளிம்பை மாப்பசையால் ஒட்டுங்கள்.

தூள் உதிர்வதற்குக் காரணம் வெறும் முட்டையில் தோய்ப்பது. மா ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, கொஞ்சம் உப்பு, இந்தக் கரைசலில் தோய்த்து ரஸ்க் தூளில் உருட்டி, அரை மணித்தியாலம் பிறிட்ஜில் வையுங்கள். எண்ணெய் 175 பாகைக்கும் 180 பாகைக்கும் இடையில். ஒரு தரத்துக்கு நாலு ரோல்ஸ். கூடப் போட்டால் சூடு இறங்கும், எண்ணெய் குடிக்கும், உறை இளகி வாய் திறக்கும்.

மருதானை நானா:
வெப்பமானி இல்லாதவங்க ஒரு சிட்டிகை ரஸ்க் தூளைப் போட்டுப் பாருங்க. உடனே நுரைச்சு மேல வந்து, பத்துப் பன்னிரண்டு செக்கன்ல பொன்னிறமாகணும். போட்டதும் கறுத்தா சூடு கூட.

சைவச்சட்டி:
கடுகு பற்றி எழுதினதால கேக்கிறன், அச்சாறுக்கு அரைக்கிற கடுகு சில நேரம் கசக்குது, சில நேரம் காரமே இல்லை. ஏன்?

தெஹிவளை 6ஆம் மாடி:
காரம் கடுகுக்குள்ள முன்னமே இருக்கிறதில்லை. அரைச்சுத் தண்ணி பட்டபிறகுதான் அதுக்குள்ள இருக்கிற நொதியம் காரத்தை உண்டாக்கும். அரைச்சவுடன வினாகிரி விட்டால் புளிப்பு அந்த நொதியத்தை அடக்கிப்போடும், காரம் வராது. சுடுதண்ணி விட்டால் நொதியம் செத்துப் போகும், கசப்பு மட்டும் மிஞ்சும். ஆகவே ரெண்டு மேசைக்கரண்டி கடுகுக்கு ரெண்டு மேசைக்கரண்டி பச்சைத்தண்ணி விட்டு அரைச்சு, 10 நிமிசம் மூடி வச்சு, அதுக்குப் பிறகு வினாகிரி. அந்த நேரத்தில வந்த காரத்தை வினாகிரி பிடிச்சு வச்சிருக்கும்.

காலிமுகத்திடலில வாங்கிற மாதிரி மாங்காய், அன்னாசி அச்சாறுக்கு இது வேண்டாம். இடிச்ச மிளகாய், உப்பு, மிளகு, சீனி, கொஞ்சம் வினாகிரி, அரை மணித்தியாலம் ஊறினால் காணும். கடுகு போடுறது கரட், போஞ்சி, சின்ன வெங்காயம் போட்டு ஒரு கிழமை வச்சுச் சாப்பிடுற அச்சாறுக்கு.

பாண்பிரியன்:
நன்றி அக்கா. பாணோட சாப்பிடுற சீனிச்சம்பலுக்கும் ஒரு வரி எழுதுங்கோ.

அம்மிக்குழவி (வெள்ளவத்தை):
அரைக் கிலோ வெங்காயம், மெல்லிசா வெட்டினது. கறுவா, ஏலக்காய், கராம்பு, ரம்பை தாளிச்சு, மெல்லிய நெருப்பில முக்கால் மணித்தியாலம். அவசரப்பட்டால் விளிம்பு கருகும், நடு பச்சையா நிக்கும். பிறகு மாசி, இடிச்ச மிளகாய், பழப்புளிக் கரைசல் ரெண்டு மேசைக்கரண்டி. சீனி ரெண்டு தேக்கரண்டி, இறக்க 5 நிமிசம் இருக்கேக்க. முதலே போட்டால் சீனி அடிப்பிடிச்சுக் கருகும்.

மருதானை நானா:
வறுத்த தூள் பத்தியும் யாராவது எழுதுங்க. யாழ்ப்பாணத் தூள் என்று கடையில விக்கிறது எல்லாம் ஒரு மாதிரி இல்ல.

அம்மிக்குழவி (வெள்ளவத்தை):
நானா, இது வீட்டுக்கு வீடு மாறும், எங்கட கணக்கு இது. செத்தல் மிளகாய் 500 கிராம், மல்லி 500, பெருஞ்சீரகம் 100, சின்னச்சீரகம் 50, மிளகு 50, வெந்தயம் 25, மஞ்சள் ரெண்டு துண்டு, கருவேப்பிலை ரெண்டு கைப்பிடி. ஒவ்வொண்டையும் தனித்தனியா வறுக்க வேணும். மல்லி வறுபட 8 நிமிசமெண்டால் வெந்தயத்துக்கு ஒண்டரை நிமிசம் காணும். ஒண்டாப் போட்டால் மல்லி வரேக்க வெந்தயம் கருகி முழுத்தூளும் கசக்கும். கருவேப்பிலை கையால நொறுங்கிற அளவுக்குக் காய வேணும், அதில ஈரம் நிண்டால் தூள் பழுதாகும். பெருஞ்சீரகத்தைக் கடைசியா, வாசம் எழும்பினவுடன எடுங்கோ. இந்தத் தூளுக்கு வாசம் அதுதான்.

மிளகாய் வறுக்கேக்க ஒரு தேக்கரண்டி உப்பும் கொஞ்ச எண்ணெயும் விட்டுப் பிரட்டினால் தும்மல் குறையும். யன்னலைத் திறந்து வையுங்கோ, மாடி வீடெண்டால் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிப்போட்டு வறுக்கிறது மரியாதை.

கொட்டாஞ்சேனை சமையலறை:
மில்லில் கொடுப்பவர்கள், உங்களுக்கு முன் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். அரிசிமா அரைத்த கல்லில் அரைத்தால் முதல் ஒரு கைப்பிடித் தூளைத் தனியாக எடுத்துவிடுங்கள்.

பாண்பிரியன்:
எவ்வளவு காலம் வச்சிருக்கலாம்? போன முறை அரைச்சது போத்தலுக்குள்ள கட்டிபட்டிட்டுது.

அம்மிக்குழவி (வெள்ளவத்தை):
மில்லால வரேக்க தூள் நல்ல சூடா இருக்கும். அப்படியே போத்தலில அடைச்சால் ஆவி உள்ளுக்குள்ள வேர்த்துக் கட்டிபடும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். கடதாசியில பரப்பி, மின்விசிறிக்கு நேர கீழ வைக்காமல், முழுக்க ஆறவிடுங்கோ. ரெண்டு கிழமைக்கு வேண்டியதைச் சின்னப் போத்தலில எடுத்துக்கொண்டு மிச்சத்தை இறுக்கி மூடி பிறிட்ஜில வையுங்கோ, மூண்டு நாலு மாதம் வாசம் நிக்கும். கொதிக்கிற சட்டிக்கு மேல போத்தலைப் பிடிச்சுக்கொண்டு தூள் தட்டக் கூடாது, அந்த ஆவிதான் போத்தலுக்குள்ள போறது. காய்ஞ்ச கரண்டியால கோப்பையில எடுத்துப்போட்டுப் போடுங்கோ.